வெயில் நண்பகலில், விளக்கு இரவில்: இடையே நிற்கும் மின்கலம்

சிங்கப்பூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஆண்டுக்கு ஏறக்குறைய 1,580 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. 2014ல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தின்கீழ் வீவக புளோக்குகளின் கூரைகளில் சூரிய சக்தித் தகடுகள் ஏறின. 2021 ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தின்மீது 122,000 தகடுகள் மிதக்கத் தொடங்கின. அவற்றின் திறன் மட்டும் 60 மெகாவாட். அதே 2021ல் வெளியான பசுமைத் திட்டம், 2030க்குள் குறைந்தது 2 கிகாவாட் சூரிய சக்தி என்று இலக்கு வகுத்தது.

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆனால், ஒரு குடும்பத்துக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவது எப்போது? வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் வீடு திரும்பிய பிறகுதான். சோற்றுப் பானை, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, குளிர்சாதனம் என எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அந்நேரம் சூரியன் மறைந்திருக்கும். தகடுகள் நண்பகலில் அள்ளிக் கொடுக்கின்றன. வீடுகள் இரவில் கேட்கின்றன.

“பகலில் சேர்த்து வைத்து இரவில் செலவழித்தால் போயிற்று. ஒரு பேட்டரி வாங்கி வைத்தால் தீர்ந்தது” என்று பலரும் சொல்வதுண்டு. பேச்சளவில் இது சரியே. ஆனால், மின்கலம் எங்கே வைக்கப்படுகிறது, அது யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்பதைப் பொறுத்து அதன் பயன் முற்றிலும் மாறிவிடுகிறது. ஒரே வகை மின்கலம் வீட்டில் இருந்தால் ஒரு வேலை, தெருவில் இருந்தால் வேறு வேலை, ஜூரோங் தீவில் இருந்தால் இன்னொரு வேலை. இதைப் புரிந்துகொண்டால், யாருடைய மின்கட்டணம் குறையும், யாருடைய கட்டணம் ஏறும் என்பதும் விளங்கிவிடும்.

மின்கம்பி ஒரு கிடங்கு இல்லை

தண்ணீரைக் குழாயில் நிறுத்தி வைக்கலாம். அரிசியை மூட்டையில் அடுக்கி வைக்கலாம். மின்சாரத்தைக் கம்பியில் அப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் அளவுகோல்தான் அதிர்வெண். சிங்கப்பூரில் அது 50 ஹெர்ட்ஸ். உற்பத்தி குறைந்தால் அதிர்வெண் இறங்கும், கூடினால் ஏறும். அளவுக்கு மீறி இறங்கினால் ஏதோ ஒரு வட்டாரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தித்தான் மற்ற இடங்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. எரிவாயு ஆலையை இயக்குபவர் தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். சூரியத் தகட்டுக்கு அப்படிக் கட்டளையிட முடியாது. வெப்பமண்டல வானத்தில் மேகங்கள் வேகமாகத் திரளும். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கருமேகம் கடந்தால், ஒரு கூரையின் உற்பத்தி ஓரிரு நிமிடங்களில் பாதிக்கும் கீழே விழுந்துவிடும்.

ஒரு கூரை என்றால் பரவாயில்லை. ஒரு வட்டாரம் முழுவதும் தகடுகள் இருக்கும்போது ஒரே மேகக் கூட்டம் அத்தனையையும் மூடினால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும் எரிவாயு ஆலை வேகத்தைக் கூட்டச் சில நிமிடங்கள் ஆகும். நின்றிருக்கும் ஆலையைத் தொடக்கி எழுப்ப மணிக்கணக்கில்கூட ஆகலாம். மின்கலமோ ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரத்தைத் தரவல்லது. சிங்கப்பூருக்கு மின்கலம் தேவைப்படுவதன் முதன்மையான காரணம் இதுதான். நாட்டின் உச்சத் தேவை 7,000 மெகாவாட்டுக்கும் மேல். அலுவலகங்களும் ஆலைகளும் பகலெல்லாம் இயங்குகின்றன. ஆகவே இங்கே நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சி வழியும் நிலை இல்லை. திடீரென்று வந்து திடீரென்று மறைவதே இங்குள்ள சிக்கல்.

தொட்டியும் குழாயும்

மின்கலத்தைப் பற்றிய செய்திகளில் இரண்டு எண்கள் வரும். ஒன்று மெகாவாட், மற்றொன்று மெகாவாட் மணி. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் ஏராளம்.

வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது ஒன்று. அதன் அடியில் உள்ள குழாய் எவ்வளவு தடிமன், ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டரை வெளியேற்றும் என்பது மற்றொன்று. மெகாவாட் மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. மெகாவாட் என்பது குழாயின் வேகம். கட்டண ரசீதில் நாம் காணும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் யூனிட் சேர்ந்தால் ஒரு மெகாவாட் மணி.

2020 அக்டோபரில் உட்லண்ட்ஸ் துணை மின் நிலையத்தில், எரிசக்திச் சந்தை ஆணையமும் எஸ்பி குழுமமும் 2.4 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள மின்சேமிப்பு அமைப்பைச் சோதனை முயற்சியாக இயக்கின. மின்கட்டமைப்பு அளவில் சிங்கப்பூரில் அமைந்த முதல் மின்கலம் அதுதான். 200க்கும் மேற்பட்ட நான்கறை வீவக வீடுகளின் ஒரு நாள் தேவைக்கு அது போதும் என்று கூறப்பட்டது. இந்த நாட்டின் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் மின்கலம் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது பெரியது. 2023 பிப்ரவரியில் ஜூரோங் தீவில் செம்ப்கார்ப் நிறுவனத்தின் மின்சேமிப்பு அமைப்பு திறக்கப்பட்டது. ஏறக்குறைய 2 ஹெக்டர் நிலத்தில் 800க்கும் மேற்பட்ட மின்கலப் பெட்டிகள். கட்டி முடிக்க ஆன காலம் ஆறே மாதம். 2025க்குப் பிறகு எட்டலாம் என்று வகுத்திருந்த 200 மெகாவாட் இலக்கு முன்கூட்டியே நிறைவேறியது.

திறக்கப்பட்டபோது அதன் வேகம் 200 மெகாவாட், கொள்ளளவு 285 மெகாவாட் மணி. முழு வேகத்தில் திறந்துவிட்டால் ஏறக்குறைய ஒரு மணி 25 நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும். ஒரு முழு வெளியேற்றம் சுமார் 24,000 நான்கறை வீடுகளுக்கு ஒரு நாளைக்குப் போதும். பார்க்கப்போனால் இது இரவு முழுவதும் ஊருக்கு விளக்கேற்றும் தொட்டி இல்லை. கருமேகம் கடக்கும்போதோ ஓர் ஆலை திடீரென்று நின்றுபோகும்போதோ, மற்ற ஆலைகள் சுதாரித்துக்கொள்ளும் வரை தாங்கிப் பிடிக்கும் தோள். குழாய் பெரிது, தொட்டி அவ்வளவு பெரிதில்லை. வேலைக்குத் தக்க அமைப்பு.

தெருக்கோடி வீட்டில் நடப்பது

நாடு முழுமைக்குமான சமநிலையை ஜூரோங் தீவு மின்கலம் பார்த்துக்கொள்கிறது. ஆனால், மின்சாரம் வீட்டுக்கு வந்து சேர்வது தெருவில் போகும் கம்பி வழியாக. துணை மின் நிலையத்திலிருந்து மின்மாற்றி, அங்கிருந்து தெரு, தெருவிலிருந்து வீடு. இதுதான் மின்விநியோகக் கட்டமைப்பு. சூரியத் தகடுகள் பெருகும்போது இங்கே வேறு ஒரு சிக்கல் முளைக்கிறது. தரைவீடுகள் வரிசையாக நிற்கும் ஊர்களில் அது நன்றாகத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து ஐந்து மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் பெர்த் நகரம் அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மின்கட்டமைப்பு தனித்து நிற்பது. நாட்டின் கிழக்குப் பகுதியோடு அதற்கு இணைப்பு இல்லை. அங்கே மூன்று வீடுகளில் ஒன்றுக்கும் மேலானவற்றின் கூரையில் சூரியத் தகடுகள் உண்டு. நண்பகலில் வீட்டில் ஆள் இருக்காது, மின்செலவு குறைவு. தகடுகளோ முழுவீச்சில் உற்பத்தி செய்யும். மிஞ்சும் மின்சாரம் வீட்டிலிருந்து தெருக் கம்பிக்குள் பாயும். பல பத்தாண்டுகளாக ஒரே திசையில் ஓடிய மின்சாரம் இப்போது எதிர்த்திசையில் ஓடுகிறது.

அதனால் என்ன என்று கேட்கலாம். கம்பிக்கு மின்தடை உண்டு. மின்சாரம் அதில் ஓடும்போது மின்னழுத்தம் மாறும். மின்மாற்றியிலிருந்து வீட்டை நோக்கி ஓடினால், போகப்போக வோல்ட் குறையும். தெருக்கோடி வீட்டுக்கு வோல்ட் மிகவும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே பொறியாளர்கள் மின்மாற்றியில் சற்று உயர்த்தி வைத்திருப்பார்கள். எதிர்த்திசையில் ஓடினால் கணக்கு தலைகீழாகும். தெருக்கோடியில் வோல்ட் ஏறும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மின்மாற்றியில் 244 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கோடி வீடு வரையிலான கம்பியின் மின்தடை 0.2 ஓம். மாலையில் 50 ஆம்பியர் மின்சாரம் வீடுகளை நோக்கி ஓடினால் 10 வோல்ட் குறைந்து, கோடி வீட்டில் 234 வோல்ட் இருக்கும். நண்பகலில் அதே 50 ஆம்பியர் எதிர்த்திசையில் ஓடினால் 10 வோல்ட் கூடி 254 ஆகிவிடும். ஒரே நாளில், ஒரே வீட்டில் 20 வோல்ட் ஏற்ற இறக்கம்.

தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றித் தரும் கருவி இன்வெர்ட்டர். ஆஸ்திரேலியாவின் தரவிதிப்படி, மின்னழுத்தம் 253 வோல்ட்டைத் தாண்டும்போது இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைக்கத் தொடங்கும். 10 நிமிடச் சராசரி 258 வோல்ட்டைக் கடந்தால் நின்றே போகும். வீட்டுக்காரர் மேலே பார்ப்பார், வெயில் கொளுத்தும். மீட்டரைப் பார்ப்பார், வருமானம் இருக்காது. தகட்டில் குறையில்லை, இன்வெர்ட்டரில் பழுதில்லை. தெருக் கம்பியில் இடமில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது. மின்மாற்றிக்கு அருகில் இருப்பவரின் தகடு தடையின்றி ஓடும். அதே விலை கொடுத்து வாங்கிய கோடி வீட்டுக்காரரின் தகடு நண்பகலில் முடங்கும். முதலில் தகடு போட்டவருக்கு வழி கிடைக்கும். பத்தாண்டு கழித்துப் பணம் சேர்த்துப் போட்டவருக்கு “இனி அனுப்பாதே” என்ற பதில் வரும்.

தெருவுக்கு ஒரு மின்கலம்

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி, தடிமனான புதிய கம்பி இழுப்பது. அதற்குச் செலவு அதிகம். அந்தச் செலவு கடைசியில் எல்லாருடைய கட்டணத்திலும் ஏறும். கூரையே இல்லாத வாடகைக் குடித்தனக்காரரும் அதற்குப் பணம் கட்டுவார். மற்றொரு வழி, தெருவிலேயே மின்கலம் வைப்பது.

2018ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மண்டுரா நகரில், மெடோ ஸ்பிரிங்ஸ் வட்டாரத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். கட்டமைப்பை நிர்வகிக்கும் வெஸ்டர்ன் பவரும் மின்சாரத்தை விற்கும் சினெர்ஜியும் சேர்ந்து 105 கிலோவாட் வேகமும் 420 யூனிட் கொள்ளளவும் கொண்ட டெஸ்லா மின்கலத்தை நிறுவின. சூரியத் தகடு உள்ள 52 வீடுகள் அதில் சேர்ந்தன. திட்டத்தின் பெயர் பவர்பேங்க்.

பெயருக்கேற்றபடி அது வங்கிக் கணக்கைப் போன்றது. பகலில் ஒரு வீட்டில் மிஞ்சும் மின்சாரத்தில் 8 யூனிட் வரை அந்த வீட்டின் கணக்கில் வரவு வைக்கப்படும். மாலையில் அந்த வீடு அதைத் திரும்பப் பெறலாம். கட்டணம் நாளைக்கு ஓர் ஆஸ்திரேலிய டாலர். வங்கியில் போட்ட அதே நோட்டு திரும்பி வருவதில்லை; கணக்கில் உள்ள தொகைதான் வருகிறது. இதுவும் அப்படித்தான். 52 வீடுகளுக்கு 8 யூனிட் வீதம் கணக்கிட்டால் 416 யூனிட். மின்கலத்தின் கொள்ளளவு 420. திட்டமிட்டவர்களின் கணக்கு இதிலேயே தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 420 யூனிட்டை 105 கிலோவாட் வேகத்தில் எடுத்தால் நான்கு மணி நேரம் வரும். ஜூரோங் தீவு மின்கலத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. இங்கே நான்கு மணி நேரம், அதாவது மாலை உச்ச நேரம் முழுவதும். அங்கே மேகத்துக்குத் தோள் கொடுக்கும் வேலை. இங்கே நண்பகலை மாலைக்கு நகர்த்தும் வேலை.

வெஸ்டர்ன் பவருக்கு இதனால் என்ன லாபம்? நண்பகலில் எதிர்த்திசை ஓட்டத்தை மின்கலம் உறிஞ்சிக்கொள்கிறது. மாலையில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் கேட்கும் சுமையில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. புதிய கம்பிக்கும் பெரிய மின்மாற்றிக்கும் ஆகும் செலவைத் தள்ளிப்போடலாம். ஒரே மின்கலத்தால் குடியிருப்பாளருக்கும் பயன், கட்டமைப்புக்கும் பயன்.

இடமும் முக்கியம். மின்மாற்றிக்குப் பக்கத்தில் மின்கலத்தை வைத்தால் மின்மாற்றியின் சுமை குறையும். ஆனால், கோடி வீட்டின் வோல்ட் அப்படியே ஏறி நிற்கும். எதிர்த்திசை மின்சாரம் அந்தக் கம்பி முழுவதையும் கடந்துதானே மின்கலத்துக்கு வர வேண்டும்? வோல்ட்டைக் குறைக்க வேண்டுமென்றால் மின்கலம் தெருவின் கோடிக்கு அருகில் இருக்க வேண்டும்.

வீட்டு மின்கலம் யார் சொல் கேட்கும்?

அப்படியானால் ஒவ்வொருவரும் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாமே? விலையும் இறங்கித்தான் வருகிறது. லித்தியம் மின்கலத் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2024ல் யூனிட் கொள்ளளவுக்கு 115 அமெரிக்க டாலர் என்று புளூம்பெர்க் என்.இ.எஃப் ஆய்வு கணித்தது. 2010ல் அது ஆயிரம் டாலருக்கும் மேல். வீட்டில் பொருத்தும் செலவு, இன்வெர்ட்டர், பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் சேர்ந்தால் விலை இன்னும் அதிகமாகும். ஆஸ்திரேலிய அரசு 2025 ஜூலை முதல் வீட்டு மின்கலங்களுக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு தள்ளுபடி கொடுக்கத் தொடங்கியது.

ஆனால், தனி வீட்டு மின்கலம் சாதாரணமாக எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். காலை எட்டு ஒன்பது மணிக்குத் தகட்டில் மின்சாரம் மிஞ்சத் தொடங்கியதும் அது நிரம்ப ஆரம்பிக்கும். மின்கலம் சிறியதாக இருந்தால் பதினோரு மணிக்கெல்லாம் நிறைந்துவிடும். அதற்குப் பிறகுதான் வெயில் உச்சிக்கு வருகிறது. தெருக் கம்பிக்கு உதவி தேவைப்படும் அந்த நேரத்தில் மின்கலத்தில் இடமிருக்காது. வீட்டுக்காரருக்கு லாபம் கிடைத்திருக்கும். தெருவுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

காலையில் பொறுமையாகக் காத்திருந்து நண்பகலில் நிரப்பிக்கொள் என்று யாராவது சொன்னால், அதே மின்கலம் தெருவுக்கும் உதவும். அப்படிச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பல வீட்டு மின்கலங்களை இணையம் வழியாக இணைத்து ஒரே மின்னிலையம் போல இயக்குவது. ஆஸ்திரேலியத் தள்ளுபடி பெறும் மின்கலங்கள் இப்படி இணைக்கப்படக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று விதி உண்டு. இணைவதும் இணையாததும் வீட்டுக்காரரின் விருப்பம்.

இரண்டாவது வழி விலை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020ல் வந்த திட்டம் ஒன்று இதைத்தான் செய்தது. கூரையிலிருந்து அனுப்பும் மின்சாரத்துக்கு நண்பகலில் யூனிட்டுக்கு 3 சென்ட். பிற்பகல் 3 மணியிலிருந்து இரவு 9 மணி வரை 10 சென்ட். பொருள் ஒன்றுதான், நேரம் மாறினால் விலை மூன்று மடங்குக்கு மேல். மீன் சந்தையில் காலை விலையும் மாலை விலையும் ஒன்றாக இருப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மின்சாரத்துக்கும் அதே நியாயம்.

மின்கலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

மின்கலம் வந்துவிட்டது என்பதற்காக எல்லாச் சிக்கலுக்கும் அதையே மருந்தாக்கக் கூடாது. மலிவான வழிகள் சில உள்ளன.

முதலாவது, செலவழிக்கும் நேரத்தை மாற்றுவது. தண்ணீர்ச் சூடாக்கி, சலவை இயந்திரம், மின்வாகனம் ஆகியவற்றை நண்பகலில் ஓட்டினால் அந்த அளவுக்கு மின்கலம் தேவையில்லை. சூடான தண்ணீர்த் தொட்டியும் ஒருவகைச் சேமிப்புதான்.

இரண்டாவது, மின்மாற்றியின் மின்னழுத்த அமைப்பைத் திருத்துவது. மாலைக்காக உயர்த்தி வைத்ததைச் சற்று இறக்கினாலே பல தெருக்களில் நெருக்கடி தணியும்.

மூன்றாவது, நேரத்துக்கேற்ற அனுமதி. தென் ஆஸ்திரேலியாவில் கட்டமைப்பு நெரிசலாக உள்ள வட்டாரங்களில் புதிதாகத் தகடு போடுவோருக்கு இரண்டு தெரிவுகள் தரப்படுகின்றன. எந்நேரமும் 1.5 கிலோவாட் மட்டுமே வெளியே அனுப்புவது ஒன்று. கம்பியில் இடமிருக்கும்போது 10 கிலோவாட் வரை அனுப்பி, நெரிசல் நேரத்தில் குறைத்துக்கொள்வது மற்றொன்று. நெரிசல் நேரம் ஆண்டில் கொஞ்சம்தான் என்பதால் இரண்டாவது தெரிவில் வீட்டுக்காரர் இழப்பது குறைவு.

இவை போதாத இடத்தில்தான் மின்கலம் தன் விலைக்கு நியாயம் செய்யும். அதை அளவோடு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மேற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. அங்கே 2022 பிப்ரவரி 14 முதல், புதிதாகப் பொருத்தப்படும் சிறிய சூரிய அமைப்புகளை நெருக்கடி நேரத்தில் தொலைவிலிருந்தே நிறுத்தக்கூடிய ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. இலவசமாக விழும் வெயிலை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை அது.

இழப்பும் ஆபத்தும்

மின்கலம் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. 100 யூனிட் உள்ளே போனால் 85 முதல் 90 யூனிட்தான் திரும்பி வரும். மீதி வெப்பமாகப் போய்விடும். அதைக் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கொள்ளளவும் குறையும். கைத்தொலைபேசி பேட்டரிக்கு நேர்வது இதற்கும் நேரும், சற்று மெதுவாக.

தீ பற்றிய அச்சமும் நியாயமானதே. மின்ஸ்கூட்டர்களால் வீவக வீடுகளில் தீ பிடித்ததைச் சிங்கப்பூரர்கள் மறந்துவிடவில்லை. அதற்குப் பிறகே 2020 ஜூலை முதல் யூஎல் 2272 தரச்சான்று இல்லாத சாதனங்களுக்கு இடமில்லை என்ற நிலை வந்தது. பெரிய மின்கலங்களும் தப்பவில்லை. 2025 ஜனவரி 16ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மாஸ் லேண்டிங் என்ற இடத்தில் ஒரு மின்கல நிலையம் தீப்பற்றி எரிந்து, சுற்றுவட்டார மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

அங்கே மின்கலங்கள் ஒரு பழைய கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. வெட்டவெளியில் தனித்தனிப் பெட்டிகளாக இடைவெளி விட்டு வைத்தால், ஒன்று எரிந்தாலும் மற்றவற்றுக்குப் பரவுவதைத் தடுக்க முடியும். வேதியியலும் மாறியிருக்கிறது. மாஸ் லேண்டிங்கில் எரிந்தவை நிக்கல் கலந்த லித்தியம் மின்கலங்கள். ஜூரோங் தீவில் இருப்பவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. இந்த வகை சூட்டை அதிகம் தாங்கும்; எளிதில் கட்டுமீறிச் சூடேறாது. ஆபத்தே இல்லை என்று பொருளில்லை, குறைவு என்று பொருள். எந்த வகையாக இருந்தாலும் இடைவெளியும் கண்காணிப்பும் தீயணைப்பு வழியும் இல்லாமல் குடியிருப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நிலம் அரிதான சிங்கப்பூரில் இதுவே பெரிய கேள்வி.

வீவக வீட்டில் இருப்பவருக்கு என்ன?

சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் வசிக்கின்றனர். அவர்களுக்குச் சொந்தக் கூரை இல்லை. ஆனால் புளோக்கின் கூரை இருக்கிறது. அங்கே கிடைக்கும் சூரிய மின்சாரம் முதலில் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர்ப் பம்பு போன்ற பொதுச் சேவைகளுக்குப் போகிறது. மிஞ்சுவது கட்டமைப்புக்குள் செல்கிறது. மின்தூக்கி பகலிலும் ஓடுவதால் அந்த மின்சாரம் விளைந்த இடத்திலேயே செலவாகிறது. நெருக்கமான நகரத்துக்குக் கிடைத்த அனுகூலம் இது. பெர்த்தின் தெருக்கோடிச் சிக்கல் இங்கே பெரிதாகத் தலைகாட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தரைவீட்டில் இருப்பவரின் கணக்கு வேறு. கூரையில் மிஞ்சும் மின்சாரத்துக்கு அவருக்குக் கழிவு கிடைக்கிறது. வழக்கமான கட்டணத்திலிருந்து கட்டமைப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார்கள். எஸ்பி குழுமத்தின் வழக்கமான வீட்டுக் கட்டணம் நண்பகலுக்கும் இரவுக்கும் ஒன்றுதான். ஆகவே நண்பகல் யூனிட்டைச் சேமித்து இரவில் பயன்படுத்தினால் அவருக்கு மிச்சமாவது அந்தக் கட்டமைப்புக் கட்டணம் மட்டுமே. அதிலும் சேமிப்பில் வீணாகும் பத்துப் பதினைந்து விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். இதற்காக ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்து மின்கலம் வாங்குவது இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. இதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. விலை எப்படிச் சொல்கிறதோ அப்படித்தான் மக்கள் நடப்பார்கள்.

ஆகவே இங்கே மின்கலம் வீடுதோறும் வருவதைவிடப் பொது இடத்தில், பொது நலனுக்காக, பொதுக் கட்டுப்பாட்டில் வருவதே பொருத்தம். உட்லண்ட்ஸ் துணை மின் நிலையமும் ஜூரோங் தீவும் அந்த வழியில் வைத்த அடிகள். அந்தச் செலவு எப்படிப் பகிரப்படுகிறது என்பதை மக்கள் கவனிக்க வேண்டும். சூரிய சக்தியின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் செலவைக் கூரை உள்ளவர் ஏற்கிறாரா, கூரையே இல்லாத மூன்றறை வீட்டுக்காரரும் ஏற்கிறாரா? நன்மை எல்லாருக்கும் என்றால் செலவும் எல்லாருக்கும் என்பது நியாயம். நன்மை சிலருக்கு மட்டும் என்றால் அந்தக் கணக்கைத் திருத்தத்தான் வேண்டும்.

இனி ஒரு புதிய மின்கலத்தைப் பற்றிச் செய்தி வரும்போது எத்தனை மெகாவாட் என்பதோடு நிறுத்திவிடாமல் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எங்கே வைக்கிறார்கள்? எத்தனை மணி நேரம் தாங்கும்? யார் கட்டளையிடுகிறார்கள்? யார் பணம் கட்டுகிறார்கள்? இந்த நான்குக்கும் தெளிவான விடை கிடைத்தால், அந்த மின்கலம் நம் வீட்டுக் கட்டணத்துக்கு என்ன செய்யும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.